பங்கில்லாப் பங்காளிகள்

பங்காளி என்னும் சொல்லுக்கு நம்மிடையே திட்டமான பொருள் உண்டு. ஒரே காணியில் உரித்துடையவன் பங்காளி. அவனோடு உறவும் உண்டு, வழக்கும் உண்டு. ஆயின் பங்கு இல்லாமல் பங்காளி இல்லை. காணியில் ஒரு பரப்பேனும் இல்லாத ஒருவனை அழைத்து, "இன்று முதல் நீயும் எமக்குப் பங்காளி" என்று கூறினால், அவன் மகிழமாட்டான். எதில் கையொப்பமிடச் சொல்லப்போகிறார்களோ என்று அஞ்சுவான்.

இன்று உலகின் பெருநகரங்களிலே வாடகைக் கார் ஓட்டுவோரும், வீடுவீடாக உணவுப் பொதி கொண்டுசெல்வோரும், பண்டங்களை விநியோகிக்கும் லொறிச் சாரதிகளும் இவ்வாறே 'பங்காளிகள்' என்றும், 'சுயாதீன ஒப்பந்தகாரர்' என்றும் அழைக்கப்படுகின்றனர். அவர்கள் தொழிலாளர் அல்லர் என்பது கம்பனிகளின் வாதம். தொழிலாளர் அல்லராயின் அவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இல்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை. சம்பளத்துடனான விடுமுறை இல்லை. சேமலாப நிதி இல்லை. விபத்து நேர்ந்தால் நட்டஈடும் இல்லை. ஒரு சொல்லை மாற்றியதனால் ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் பேறுகள் யாவும் கைநழுவிப் போகின்றன. இதனை எதிர்த்தும், கொடுபடாத கூலியைக் கேட்டும் மேலை நாடுகளிலே தொழிலாளர் தொடுத்த வழக்குகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவில், சம்பளச் சட்டத்தின் கீழ்ச் சமஷ்டி நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் 1990களின் தொடக்கத்தில் இருந்ததிலும் பார்க்க 2012ஆம் ஆண்டளவில் பன்மடங்காயின.

இவ்வழக்குகளைச் சட்டத்தரணிகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுதல் தவறு. அவற்றின் அடியில் மூன்று அறவியல் வினாக்கள் கிடக்கின்றன. ஒருவன் ஒப்பமிட்ட தாள் அவன் யார் என்பதைத் தீர்மானிக்குமா? வேலைக்காகக் காத்திருத்தலும் வேலைதானா? கொடாத கூலி கடனா, களவா? இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலில் ஒரு பழைய வழக்கு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்தவர் எல்சி பாரிஷ் என்னும் பெண். அம்மாநிலத்தில் 1913ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி அவருக்குரிய சம்பளம் 48 மணி நேரம் கொண்ட வாரத்துக்கு 14 டொலர் 50 சதம். விடுதிக்காரர் கொடுத்தது அதனிலும் குறைவு. வேலையை விட்டு நீங்கிய பின்னர், குறைவாகக் கொடுக்கப்பட்ட தொகையான 216 டொலர் 19 சதத்தைக் கேட்டு அவர் வழக்குத் தொடுத்தார். விடுதிக்காரரின் மறுமொழி, 'நீ எமக்குக் கடன்காரி அல்லை' என்பதன்று. 'குறைந்த கூலிக்கு நீ இசைந்தாய். இசைந்த இருவரிடையே அரசு புகுதல் ஆகாது. அச்சட்டமே செல்லாது' என்பதாகும்.

இவ்வாதம் அக்காலத்தில் வலுவுடையதாகவே இருந்தது. 1905ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலம், வெதுப்பகத் தொழிலாளரை நாளொன்றுக்குப் பத்து மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று விதித்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்தில் அரசு தலையிடலாகாது என்பதே காட்டப்பட்ட காரணம். தொழிலாளி பத்து மணிக்கு மேலும் வேலை செய்யும் 'உரிமையை' நீதிபதிகள் காப்பாற்றிக் கொடுத்தனர். அவன் அந்த உரிமையைக் கேட்கவில்லை என்பது அவர்களுக்குப் பொருட்டாகவில்லை. 1923இல் பெண்களின் குறைந்தபட்சச் சம்பளமும் அவ்வாறே வீழ்த்தப்பட்டது. எனினும் 1937ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அதே நீதிமன்றம் எல்சி பாரிஷின் பக்கம் தீர்ப்பளித்தது. பேரம் பேசும் வலிமை இல்லாதவரின் இசைவு சுதந்திரமான இசைவன்று என்பதும், வாழ்வதற்குப் போதாத கூலியைக் கொடுப்பவன் எஞ்சியதைச் சமுதாயத்தின் தலையில் சுமத்துகிறான் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். கூலி குறைந்த தொழிலாளி பட்டினி கிடக்கலாகாதெனில், அவனுக்கு நிவாரணம் கொடுக்கும் பொறுப்பு வரி கட்டும் பொதுமக்கள் மீது விழுகிறது. அந்த முதலாளி பொதுப் பணத்தால் இலாபம் ஈட்டுகிறான். அறை துடைத்த ஒரு பெண்ணின் 216 டொலர்க் கணக்கு ஒரு தேசத்தின் நீதிச் சிந்தனையையே திருப்பிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1938இல், மணித்தியாலத்துக்கு 25 சதம் என்னும் குறைந்தபட்சச் சம்பளத்தை நாடு முழுவதற்கும் விதித்த சட்டம் நிறைவேறியது. எனினும் அது எல்லோரையும் காக்கவில்லை. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரரும் விலக்கப்பட்டனர். தென்மாநிலங்களில் இவ்விரு தொழில்களிலும் பெருந்தொகையாக இருந்தோர் கறுப்பின மக்கள் என்பது தற்செயலன்று. விவசாயத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் 1966இலும், வீட்டு வேலைக்காரர் 1974இலுமே அச்சட்டத்தின் காப்புக்குள் வந்தனர். 'யார் தொழிலாளி?' என்னும் வினா வெறும் இலக்கண வினாவன்று. யாரைச் சட்டம் மனிதராக எண்ணும், யாரை எண்ணாது என்ற வினாவே அது.

சட்டம் தொழிலாளியைக் காக்கத் தொடங்கிய பின்னர் முதலாளிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சட்டப்படி கொடுத்தல். மற்றது, தொழிலாளியே இல்லாமற் செய்துவிடுதல். வேலை ஒழியாது, ஆள் ஒழியான், பெயர் மாத்திரம் ஒழியும். கலிபோர்ணியாவில் டைனமெக்ஸ் என்னும் பொதி விநியோகக் கம்பனி 2004ஆம் ஆண்டு வரை தன் சாரதிகளை ஊழியர் எனவே கொண்டிருந்தது. அவ்வாண்டில் அவர்கள் அனைவரையும் சுயாதீன ஒப்பந்தகாரர் என மாற்றியது. முந்திய நாள் ஏற்றிய அதே பொதிகளை அவர்கள் மறுநாளும் ஏற்றினர். செலவுகள் மட்டும் கம்பனியின் கணக்கேட்டிலிருந்து அவர்களுடைய சட்டைப் பைக்கு இடம் மாறின. பெடெக்ஸ் கம்பனியின் கலிபோர்ணியச் சாரதிகளின் கதையும் இத்தகையதே. வாகனத்தை அவர்களே வாங்க வேண்டும். எரிபொருளும் பழுது பார்த்தலும் அவர்கள் செலவு. அதே வேளையில் வாகனம் எவ்வகை வெள்ளை நிறம், சீருடை எது, தலைமயிர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பனவற்றைக் கம்பனி விதித்தது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவர்கள் ஊழியரே என்று தீர்த்தது. அடுத்த ஆண்டு 228 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கம்பனி இணங்கியது. தலைமயிரைக் கூடத் தன் விருப்பப்படி விடமுடியாதவன் எவ்வகைச் சுயாதீனன் என்று எவரும் கேட்பர்.

டைனமெக்ஸ் சாரதி ஒருவர் 2005இல் தொடுத்த வழக்கு 2018ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் கலிபோர்ணிய உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. பதின்மூன்று ஆண்டுகள்! அத்தீர்ப்பில் நாம் கற்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒருவரை 'வேலை செய்ய விட்டிருத்தல்' அல்லது 'அனுமதித்தல்' என்பதே அம்மாநிலச் சம்பள விதிகளில் வேலைக்கு அமர்த்துவதன் பொருள். இச்சொற்றொடர் பழைய சிறுவர் தொழிற் சட்டங்களிலிருந்து வந்தது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைகள் வேலை செய்தபோது, 'இப்பிள்ளையை நான் வேலைக்கு எடுக்கவில்லை; தகப்பனோடு வந்தது; இடையிலுள்ள ஒருவன் கூட்டிவந்தான்' என்று முதலாளி கைகழுவுவது வழக்கம். அதற்கு இடங்கொடாமல், உன் கூரையின் கீழ் உன் இலாபத்துக்காக அப்பிள்ளை உழைக்க நீ விட்டிருந்தாய் அல்லவா, அது போதும் என்றது சட்டம். ஒப்பந்தத்தை அது தேடவில்லை, உண்மையைத் தேடியது. அவ்வழியே நின்று கலிபோர்ணிய நீதிமன்றம் மூன்று கட்டளைக்கற்களை வைத்தது. உழைப்பவன் கம்பனியின் கட்டுப்பாட்டிலிருந்து உண்மையில் விடுபட்டவனாக இருத்தல் வேண்டும். அவனது வேலை கம்பனியின் வழமையான தொழிலுக்குப் புறம்பானதாக இருத்தல் வேண்டும். அவன் அத்தொழிலைத் தானாகவே நடத்திவருபவனாக இருத்தல் வேண்டும். மூன்றையும் கம்பனியே நிரூபித்தல் வேண்டும். ஒன்று தவறினும் அவன் தொழிலாளியே. கடையொன்றில் தண்ணீர்க் குழாய் வெடித்ததென்று வெளியிலிருந்து அழைக்கப்படும் குழாய் திருத்துபவன் அக்கடையின் ஊழியன் அல்லன். ஆனால் ஆடைக் கம்பனி கொடுக்கும் துணியையும் மாதிரியையும் கொண்டு தன் வீட்டிலிருந்து சட்டை தைப்பவள் அக்கம்பனியின் ஊழியளே. இவ்வுதாரணங்கள் அத்தீர்ப்பிலேயே உள்ளவை.

ஒப்பமிட்ட தாளைப் பற்றிய வினாவுக்குத் தெளிவான விடையளித்தது இலண்டன் வழக்கு. கைத்தொலைபேசிச் செயலி மூலம் வாடகைக் கார் அமர்த்தும் ஊபர் கம்பனி மீது சில சாரதிகள் வழக்குத் தொடுத்தனர். கம்பனி தான் வெறும் தரகன் என்றது. பிரயாணியோடு ஒப்பந்தம் செய்பவன் சாரதியே என்று தாள்களைக் காட்டியது. 2016இல் தொழில் நியாயசபையில் தோற்ற கம்பனி, ஒவ்வொரு படியாக ஏறி ஒவ்வொரு படியிலும் தோற்றது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் தேதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சாரதிகளின் பக்கம் நின்றது. கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பனி. நிபந்தனைகளை எழுதுவது கம்பனி. அழைப்பை ஏற்கும் வீதம் குறைந்தால் தண்டிப்பது கம்பனி. பிரயாணிகள் இடும் புள்ளிகளைக் கொண்டு சாரதியை நீக்குவது கம்பனி. பிரயாணியும் சாரதியும் நேரே தொடர்பு கொள்ளாதபடி தடுப்பதும் கம்பனி. கூடுதலாக உழைப்பதற்குக் கூடுதலான நேரம் ஓட்டுவதன்றி அச்சாரதிக்கு வேறு வழியே இல்லை. இவனைத் தனி வியாபாரி என்பது எங்ஙனம்?

அத்தீர்ப்பு கூறிய காரணம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. வலியவனிடமிருந்து எளியவனைக் காப்பதற்கென்றே தொழிற் சட்டங்கள் எழுந்தன. நிபந்தனைத் தாளை எழுதுபவன் வலியவன். அத்தாளில் எழுதியிருப்பதை வைத்தே சட்டம் யாரைக் காக்கும் என்று தீர்மானிப்பதாயின், எவனிடமிருந்து காக்க வேண்டுமோ அவனுடைய பேனாவிடமே காவலை ஒப்படைத்ததாக முடியும். ஆகவே தாளிலிருந்து தொடங்கலாகாது. வேலையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். 'வாக்குக் கொடுத்தவன் அதனைக் காக்க வேண்டாமா? கையொப்பமிட்டுவிட்டுப் பின்னர் மறுப்பது அறமா?' என்பர். இக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. வாக்குத் தவறாமை உழைக்கும் மக்களும் போற்றும் அறமே. ஆயின் வாக்கு எதைக் கட்டும் என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். நான் செய்யப்போவது எது என்பதைப் பற்றி வாக்குக் கொடுக்கலாம். அவ்வாக்கு என்னைக் கட்டும். உண்மை எது என்பதை வாக்கினால் மாற்ற முடியாது. 'எனக்குப் பசியில்லை' என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால் அவன் பசி தீர்ந்துவிடுமா? பிறன் ஏவலில், பிறன் விதித்த விலைக்கு, பிறன் இலாபத்துக்கு உழைப்பவன், 'நான் எவர் ஏவலிலும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் அது வாக்குறுதியன்று, பொய்ச் சாட்சியம். அதுவும் அவன் தானாகச் சொன்ன பொய்யன்று. வேலைக்கு விலையாக அவன் வாயிலிருந்து வாங்கப்பட்ட பொய். பொய்யைக் காப்பாற்றும் கடமை எவ்வறத்திலும் இல்லை.

மற்றொரு மறுப்பு இன்னும் வலியது. அது தொழிலாளர் சிலர் வாயிலிருந்தே வருகிறது. 'எனக்கு வேண்டிய நேரத்தில் ஓட்டுகிறேன். வேண்டாத நேரத்தில் நிறுத்துகிறேன். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவந்து வேலை செய்ய எந்த ஆலையில் இயலும்?' என்று அவர்கள் கேட்கின்றனர். இதில் உண்மை உண்டு. மேற்பார்வையாளனின் கண்ணுக்கு எதிரே எட்டு மணி நேரம் நின்றவனுக்கு, வேலையைத் தானே தொடங்கித் தானே முடிக்கும் சுதந்திரம் சிறிய பொருளன்று. அதனை ஏளனம் செய்யும் இடதுசாரி தொழிலாளியின் வாழ்வை அறியாதவன். ஆனால் விரும்பிய நேரத்தில் வேலை செய்தலும் குறைந்தபட்சச் சம்பளம் பெறுதலும் ஒன்றையொன்று விலக்குவன என்று யார் விதித்தது? இலண்டன் தீர்ப்பில் நேரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் இருந்தது. தொழிலாளி என்னும் தகுதியும் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் தரலாம் என்பது இயற்கை விதியன்று, கம்பனியின் விதி. மேலும், துண்டுக் கணக்குக் கூலியில் தொழிலாளி தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்வான், தன் வேலை நேரத்தைத் தானே நீட்டிக்கொள்வான், மேற்பார்வையாளனின் தேவையே குறைந்துவிடும் என்று 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்திலேயே மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். நிறுத்தும் சுதந்திரம் இருக்கிறது. நிறுத்தினால் அன்றிரவு அடுப்பு எரியாது என்னும் நிலையும் உடன் இருக்கிறது. முதலாவதைக் கண்டு இரண்டாவதை மறத்தல் ஆகாது.

இனி, காத்திருத்தலைப் பற்றிய வினா. இலண்டன் வழக்கில், தனக்கு அனுமதிக்கப்பட்ட நகர எல்லைக்குள் செயலியைத் திறந்து அழைப்பை ஏற்க ஆயத்தமாகச் சாரதி இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்று நியாயசபை கண்டதை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அடுத்த மாதமே கம்பனி பிரித்தானியாவிலுள்ள எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சாரதிகளைத் தொழிலாளராக ஏற்பதாக அறிவித்தது. குறைந்தபட்சச் சம்பளமும் விடுமுறைச் சம்பளமும் ஓய்வூதியமும் தருவதாகக் கூறிற்று. ஆனால் சம்பளத்துக்கான நேரம் பயணத்தை ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்தே தொடங்கும் என்றது. காத்திருக்கும் நேரம் கணக்கில் இல்லை. கலிபோர்ணியாவிலும் இதே கதை. டைனமெக்ஸ் தீர்ப்பை அம்மாநிலச் சட்டசபை 2019இல் சட்டமாக்கியது. அதிலிருந்து தப்புவதற்குச் செயலிக் கம்பனிகள் இருநூறு மில்லியன் டொலருக்கு மேற் செலவு செய்து, 2020 நவம்பரில் பொதுசன வாக்கெடுப்பு ஒன்றில் வென்றன. அச்சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தின் 120 சதவீதத்தை உறுதி செய்கிறது என்று முழங்கினர். எந்த நேரத்துக்கு? பயணியோடு அல்லது பொதியோடு ஈடுபட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும்.

காத்திருத்தல் வேலையா? தீயணைக்கும் படையினனுக்கு நாம் தீ எரியும் நிமிஷங்களுக்கு மட்டும் சம்பளம் கொடுப்பதில்லை. காவற்காரனுக்குக் கள்வன் வந்த இரவுக்கு மட்டும் கூலி கொடுப்பதில்லை. அவர்கள் ஆயத்தமாக இருப்பதையே நாம் வாங்குகிறோம். இரண்டு நிமிஷத்தில் வண்டி வரும் என்னும் வசதியே செயலிக் கம்பனி விற்கும் சரக்கு. தெருக்களில் எத்தனையோ சாரதிகள் வெறுமனே காத்திருந்தாலன்றி அச்சரக்கு உண்டாவதில்லை. காத்திருத்தலை விற்றுக் காசாக்கியவன், காத்திருந்தவனுக்கு அது வேலையன்று என்கிறான். நமது மலையகத் தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதற்காக வரிசையில் நிற்கும் பெண்களைக் கண்டவர்களுக்கு இது புதிய பாடமன்று. மலையேறிய நேரமும் இறங்கிய நேரமும் தராசின் முன் நின்ற நேரமும் அவள் வாழ்நாளில் கழிந்தவை. தராசோ கொழுந்தை மட்டும் நிறுக்கும்.

மூன்றாவது வினா, கொடாத கூலி கடனா களவா என்பது. ஒருவன் கடையிலிருந்து ஒரு பாண் துண்டைத் திருடினால் பொலிஸார் வருவர். அரசே வழக்குத் தொடுக்கும். கடைக்காரன் ஒரு சதமும் செலவிட வேண்டுவதில்லை. ஒரு கம்பனி ஆயிரம் தொழிலாளரின் சம்பளத்தில் வாரந்தோறும் அரைமணி நேரத்தைக் குறைத்து எழுதினாலோ, பெரும்பாலும் அது கணக்குப் பிணக்கு எனப்படும். பறிகொடுத்தவனே சட்டத்தரணியைத் தேடி, வேலை போகும் அச்சத்தோடு, ஆண்டுக் கணக்காக அலைய வேண்டும். பொருளை எடுத்தால் களவு, நேரத்தை எடுத்தால் பிணக்கு என்னும் இவ்வேற்றுமைக்கு அறத்தில் ஆதாரம் எது? பொருளை இழந்தவன் வேறு பொருளைத் தேடிக்கொள்ளலாம். கழிந்த நேரத்தைத் தேடிக்கொள்ள எவராலும் இயலாது. இதனை ஓரளவேனும் உணர்ந்து, 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் கலிபோர்ணியா, வேண்டுமென்றே ஒரு தொழிலாளியிடமிருந்து 950 டொலருக்கு மேற்பட்ட கூலியைப் பறித்தலைப் பெருங்களவு எனத் தண்டிக்க வழி செய்துள்ளது. சொற்கள் முதலாளிமாரின் பக்கமே எக்காலமும் நிற்கவேண்டும் என்று விதியில்லை. 'ஊழியன்' என்பதைப் 'பங்காளி' ஆக்கியது ஒரு சொல் மாற்றம். 'பிணக்கு' என்பதைக் 'களவு' ஆக்குவதும் ஒரு சொல் மாற்றமே. முன்னது உண்மையை மறைத்தது. பின்னது மறைந்திருந்த உண்மையைக் காட்டுகிறது.

இவ்வளவும் கூறிய பின்னர், வழக்குகளால் மட்டும் விடுதலை வந்துவிடும் என்று எவரேனும் எண்ணுவாராயின் அது பேதைமை. 2018ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழிலாளர் கூட்டாக வழக்குத் தொடுக்கும் உரிமையை வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிவிடலாம் என்று ஐந்துக்கு நான்கு பெரும்பான்மையில் தீர்த்தது. ஒவ்வொருவனும் தனித்தனியாக நடுத்தீர்ப்பாளர் முன் செல்ல வேண்டும். நூறு டொலர் இழந்தவன் தனியாக வழக்காடுவானா? ஆடமாட்டான் என்பதே அவ்வேற்பாட்டின் பயன். இதிலும் தொழிலாளர் ஒரு வழி கண்டனர். டோர்டாஷ் என்னும் உணவு விநியோகக் கம்பனியின் தொழிலாளர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் தனித்தனி நடுத்தீர்ப்புக் கேட்டனர். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்த வேண்டிய கம்பனி பின்வாங்க முயன்றது. தானே எழுதிய நிபந்தனையைத் தானே நிறைவேற்றுமாறு 2020 பெப்ரவரியில் நீதிபதி ஒருவர் அதற்குக் கட்டளையிட்டார். சட்டம் தனித்தனியாகப் பிரித்தவர்களை ஒருங்கு சேர்ந்த முயற்சியே வெல்ல வைத்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

ஆயினும் தோல்விகளும் உள. டெலிவரூ கம்பனியின் உணவுப் பொதி சுமப்போர் தம் சங்கத்தின் மூலம் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை கேட்டனர். தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை அவர்களுக்கு ஒப்பந்தத்தில் இருந்தது என்பதை முக்கிய காரணமாகக் கொண்டு, 2023 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. முதல் விசாரணை நெருங்கிய வேளையிலேயே அவ்வொப்பந்தம் புதிதாக எழுதப்பட்டது. கலிபோர்ணியாவின் 2020 வாக்கெடுப்புச் சட்டமும் 2024 ஜூலையில் அம்மாநில உச்ச நீதிமன்றத்தால் செல்லுபடியாகும் எனத் தீர்க்கப்பட்டது. மறுபுறத்தில், அதே 2024ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், கட்டுப்பாட்டின் அறிகுறிகள் காணப்படும் இடத்தில் செயலித் தொழிலாளியை ஊழியன் என்றே முதலில் அனுமானித்தல் வேண்டும் என்னும் விதியை ஏற்றுக்கொண்டது. கம்பனி அதனை மறுக்க விரும்பினால் அதனை நிரூபிக்கும் பாரம் கம்பனியினுடையது. வழக்கு ஒரு கதவைத் திறக்கும். மற்றொரு தீர்ப்பு அதனைச் சாத்தும். கதவு திறந்தே இருக்கவேண்டுமாயின் அதற்குச் சங்கமும் இயக்கமும் வேண்டும்.

எனினும் வழக்கின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. விளம்பரத்தில் 'பங்காளி' என்று எழுதிய கம்பனி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து விடையளிக்க வேண்டும்: விலையை யார் நிர்ணயித்தார்? ஆளை யார் நீக்கினார்? நட்டத்தை யார் தாங்கினார்? இவ்வினாக்களுக்கு முன் சொல்லின் மினுக்கு நிற்பதில்லை. தனித்தனியே தன் விதியை நொந்துகொண்டிருந்த ஆயிரம் பேர், தம் துன்பம் ஒரே காரணத்தினாலானது என்பதை அங்கு அறிகின்றனர். வர்க்க உணர்வு புத்தகங்களிலிருந்து மட்டும் பிறப்பதன்று.

ஈற்றில் நம் நாட்டைப் பற்றிச் சில சொற்கள். ஒரு தாள் மனிதனின் நிலையைத் தீர்மானிப்பது இலங்கைத் தமிழருக்குப் புதிய செய்தியன்று. தோட்டத் தொழிலாளியின் கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாக எழுதப்பட்ட 'துண்டு' அவனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கைமாற்றியது. 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டம், தொழிலாளி என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, சேவை ஒப்பந்தத்தின் கீழ் உழைப்பவனை மட்டுமன்றி, ஒரு வேலையைத் தானே நேரிற் செய்து கொடுக்க ஒப்பந்தம் செய்தவனையும் உள்ளடக்குகிறது. சட்டத்தின் சொற்கள் விரிந்தே இருக்கின்றன. அவற்றை விரித்துப் படிக்கும் வலிமையே வேண்டும்.

அவ்வலிமை இன்று தேவைப்படுகிறது. கொழும்பில் முச்சக்கர வண்டியைச் செயலி மூலம் அழைக்கும் ஆசிரியரும் மாணவரும் மலிவான பயணத்தின் விலையில் எப்பகுதி சாரதியின் காத்திருப்பிலிருந்து பெறப்பட்டது என்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். மலையகத்திலோ பெருந்தோட்டக் கம்பனிகள் நாட்சம்பளத்தை விடுத்து 'அவுட்குரோவர்' முறையை முன்வைத்து வருகின்றன. ஒரு குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடிகள் என ஒதுக்கி, பராமரிப்பையும் பறிப்பையும் அக்குடும்பத்தின் பொறுப்பாக்கி, கொழுந்தைக் கம்பனி வாங்கிக்கொள்ளும் முறை அது. கூலியாளாக இருந்தவன் சிறு முயற்சியாளன் ஆகிவிடுவான் என்று கூறப்படுகிறது. ஆதல் கூடுமா? ஆகலாம், காணி உறுதி அவன் பெயரில் எழுதப்பட்டால், கொழுந்தின் விலையைத் தீர்மானிப்பதில் அவனுக்கும் குரல் இருந்தால், மழை பொய்த்த ஆண்டின் நட்டத்தை அவன் தனித்துச் சுமக்காதிருந்தால். அவ்வாறாயின் அதனை நாம் எதிர்ப்பதற்கில்லை, வரவேற்போம். இம்மூன்றும் இன்றி, சேமலாப நிதியும் நாட்சம்பளமும் மட்டும் போய்விடுமாயின், இருநூறு ஆண்டுகள் அம்மண்ணில் உழைத்தவனுக்குக் கிடைப்பது காணியன்று. மீண்டும் ஒரு துண்டு.

காணி யாருடையது, விலை யார் கையில், நட்டம் யார் தலையில் என்னும் மூன்று கேள்விகளையும் எந்தப் பங்காளியைக் குறித்தும் கேட்கலாம். விடை கிடைத்தபின் அவனை எப்பெயரால் அழைப்பது என்பதில் ஐயம் எழாது. தொழிலாளியைத் தொழிலாளி என்று அழைப்பதில் இழிவு எதுவும் இல்லை. அவனுக்குரிய கூலியைக் கொடாதிருப்பதற்காக வேறு பெயரால் அழைப்பதே இழிவு.